ஒற்றை மூச்சும் மின்சாரச் சுருதியும்: ஜாஸ் தனி ஆல்பமும் தென்னிந்தியத் துளைக்கருவியும்

ஒரே கலைஞர் துளைக்கருவிகளை வாசித்து, அவற்றுக்கு வேண்டிய மற்ற ஒலிகளையும் மின்னணுக் கருவிகளின் துணையோடு தாமே அமைத்து வெளியிடும் ஜாஸ் ஆல்பம், ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த வடிவம். மேடையில் ஜாஸ் கூடி வாசிக்கும் இசை. ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி சொல்வதே அதன் உயிர். துணைக்கு ஆளே இல்லாமல் சாக்ஸபோனையும் கிளாரினெட்டையும் வைத்து ஒரு முழு ஆல்பத்தை நிரப்பும்போது அந்த மறுமொழியை யார் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. இந்த வடிவத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகள்தான்.

முதல் விடை 1941இல் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த சிட்னி பெஷே, விக்டர் நிறுவனத்தின் பதிவுக் கூடத்தில் கிளாரினெட், சொப்ரானோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஆறு கருவிகளையும் தாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிந்தார். காந்த நாடா புழக்கத்துக்கு வராத காலம் அது. ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து அடுத்த தட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் அடியில் இருக்கும் ஒலி மங்கிக்கொண்டே போகும். அந்தப் பதிவைப் பலர் வித்தை காட்டுவதாகவே எடுத்துக்கொண்டார்கள். கோல்மன் ஹாக்கின்ஸ் 1948இல் ‘பிக்காஸோ’ என்ற உருப்படியைத் துணையே இல்லாமல் டெனர் சாக்ஸபோனில் வாசித்தார். ஆன்டனி பிராக்ஸ்டன் 1969இல் பதிந்த ‘ஃபார் ஆல்டோ’ முழுவதும் ஒரே ஆல்டோ சாக்ஸபோன்தான். துணையை அடுக்கிச் சேர்ப்பது ஒரு வழி. துணையே வேண்டாம் என்று துறப்பது இன்னொரு வழி. பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தார்கள்.

மின்சாரம் துளைக்கருவிக்குள் நேரடியாக நுழைந்தது 1960களின் நடுவில். செல்மர் நிறுவனத்தின் ‘வாரிடோன்’ என்ற அமைப்பு சாக்ஸபோனின் ஒலியை மைக் வழியாக எடுத்து, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலியைச் சேர்த்துக் கொடுத்தது. எடி ஹாரிஸ் அதை வைத்துக்கொண்டு பெரும் புகழ் பெற்றார். அடுத்து, காற்றின் அழுத்தத்தையும் விரலின் அசைவையும் மின்குறிகளாக மாற்றும் லிரிக்கன் 1970களிலும், அக்காய் நிறுவனத்தின் ஈ.டபிள்யூ.ஐ. 1980களிலும் வந்தன. மைக்கேல் பிரெக்கர் பின்னதைக் கையாண்ட விதம் பேர்போனது. ஆனாலும் இந்தக் கருவிகளால் தனி ஆல்பம் என்ற வடிவம் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. ஊதுகிறவரின் ஒலியை அவை மாற்றின. அவருக்குத் துணையாக எதிரே யாரையும் நிறுத்தவில்லை.

அப்படி நிறுத்தியவர் ஜான் சர்மன். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டேவிஸ்டாக் என்ற சிற்றூரில் 1944இல் பிறந்தவர். பாரிட்டோன் சாக்ஸபோன், சொப்ரானோ சாக்ஸபோன், பேஸ் கிளாரினெட் மூன்றிலும் தேர்ந்தவர். 1972இல் ‘வெஸ்டரிங் ஹோம்’ என்ற தனி ஆல்பத்தைச் செய்து பார்த்தார். 1979 மே மாதம் ஆஸ்லோவின் டேலன்ட் ஸ்டுடியோவில், மன்ஃபிரெட் ஐஷர் தயாரிக்க, யான் எரிக் கோங்ஸ்ஹாக் ஒலிப்பதிவு செய்ய, ஈ.சி.எம். நிறுவனத்துக்காக ‘அபான் ரிஃப்ளெக்‌ஷன்’ ஆல்பத்தைப் பதிந்தார். துளைக்கருவிகளும் சிந்தசைசரும் மட்டுமே உள்ள ஜாஸ் தனி ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை முதலில் எடுத்துக் காட்டப்படுவது இதுதான்.

அதன் முதல் உருப்படியான ‘எட்ஜஸ் ஆஃப் இல்யூஷன்’ பத்து நிமிடம் போல ஓடுகிறது. தொடக்கத்தில் சிந்தசைசர் ஒரு சிறு சுரக்கோவையைப் பிடித்துக்கொண்டு அதையே மடக்கி மடக்கிச் சொல்கிறது. அதில் ஏற்ற இறக்கமும் கிடையாது, அவசரமும் கிடையாது. ஆரணிப் பட்டுத் தறியில் முதலில் பாவு ஓடி இறுகி நிற்க, ஊடை அதன்பிறகு குறுக்கே போய் வருவதைப் போல, அந்தக் கோவை நிலைத்து நின்றபின்தான் சாக்ஸபோன் உள்ளே வருகிறது. ஊதுகிற வரி நீளமாகிறது, இடையில் ஓய்கிறது, மறுபடி எழுகிறது. கோவை எதற்கும் அசைவதில்லை. கேட்பவரின் காது கொஞ்ச நேரத்தில் கோவையை மறந்தே போகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மேலே ஓடும் வரி அந்தரத்தில் தொங்கும். ‘கெய்த்னஸ் டு கெர்ரி’ என்ற உருப்படியில் சர்மன் இயந்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாட்டுப்புற ஆட்டமெட்டின் சாயலில் சொப்ரானோவை மட்டும் ஊதுகிறார். ஆல்பத்தில் கருவிகளின் அடுக்கு ஏறுவதும் இறங்குவதும் இப்படித் திட்டமிட்டே நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது. சிந்தசைசரை வைத்துக்கொண்டு தாளக் கருவியைப் போலச் செய்துகாட்டும் முயற்சியும் கிடையாது. தாளம் வேண்டும் என்று தோன்றியபோது சர்மன் ஆளைத்தான் கூப்பிட்டார். 1981இல் வெளியான ‘தி அமேசிங் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சைமன் சைமன்’ ஆல்பத்தில் அவருடைய துளைக்கருவிகளுக்கும் சிந்தசைசருக்கும் எதிரே உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர் ஜாக் டிஜானெட். மடங்கி வரும் கோவையை இயந்திரம் பார்த்துக்கொண்டது. கேட்டுக் கேட்டு மறுமொழி சொல்லும் வேலை மனிதரிடம் போனது.

இந்தப் பிரிவினை தமிழ்நாட்டு மேளக் கச்சேரிக்குப் புதிதில்லை. நாதஸ்வரக் குழுவில் ஒத்து என்ற கருவி உண்டு. தோற்றத்தில் நாதஸ்வரத்தைப் போலவே இருக்கும்; விரல் வைக்கும் துளைகள் மட்டும் இருக்காது. கீழ்ப்பகுதியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவார்கள். ஒத்துக்காரர் மூக்கால் காற்றை இழுத்துக் கன்னத்தில் தேக்கி, விட்டுப்போகாமல் ஆதார சட்ஜத்தை ஊதிக்கொண்டே இருப்பார். அவர் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த பிள்ளையாகவோ வயதான உறவினராகவோ இருப்பார். கச்சேரியில் அவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. தவில் அப்படி இல்லை. அது எதிர்க்கட்சி, நாதஸ்வரக்காரர் சொன்னதைப் பிடித்துத் திருப்பிச் சொல்லும், சில நேரம் முந்திக்கொண்டும் போகும்.

ஒத்தின் இடத்தைத்தான் மின்னணுக் கருவி முதலில் எடுத்துக்கொண்டது. புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பெங்களூருப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுத் தம்புராவையும் சுருதிப்பெட்டியையும் உருவாக்கி, ராடெல் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்குள் சபா மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் திருமண மண்டபங்களிலும் அந்தப் பெட்டி பரவிவிட்டது. நாதஸ்வரக் குழுக்களிலும் ஒத்துக்காரர் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் பெட்டிதான் இருக்கிறது. இதை யாரும் புதுமை இசை என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு துளைக்கருவியும் ஒரு மின்னணு ஒலியும் சேர்ந்து ஒலிக்கும் ஏற்பாடு தமிழ்க் காதுக்கு இந்த வழியில்தான் பழகியது.

தவிலின் இடத்துக்கும் இயந்திரம் வந்தது. அதன் விளைவு வேறு. மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் சேர்ந்த பெட்டியைப் பல ஊர்க் கோவில்களில் பார்க்கலாம். தீபாராதனையின்போது சுவிட்சைப் போட்டால் முழங்கும்; அணைத்தால் நிற்கும். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆரணிக்கு அருகே உள்ள படவேட்டில், ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோவிலுக்குத் திரளும் கூட்டத்துக்குப் பம்பைக்கும் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பம்பைக்காரர் எதிரே ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்து அடியை ஏற்றுவார், இறக்குவார். பெட்டி யாரையும் பார்ப்பதில்லை. ஜாஸ் தனி ஆல்பங்களிலும் தேறியவற்றையும் தேறாதவற்றையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரித்தறிய முடிகிறது. இயந்திரம் ஒத்துக்காரராக இருக்கும்வரை ஊதுகிறவருக்கு இடம் கிடைக்கிறது. தவில்காரராக நடிக்கத் தொடங்கியதும் உரையாடல் பொய்யாகிவிடுகிறது.

ஜாஸும் தென்னிந்தியத் துளைக்கருவியும் நேருக்கு நேர் சந்தித்ததற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. பாஸ்டனில் பிறந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, 1960களின் பிற்பாதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தரப் போன இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு, அதைக் கற்கத் தொடங்கினார். பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து பயின்றார். 1970களில் அவருடைய ஆல்பங்களில் மின்சாரப் பியானோவுக்கும் மின்சார பேஸுக்கும் நடுவே நாதஸ்வரம் ஒலித்தது. 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு, ஆர்.ஏ. ரமாமணியின் குரலும் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கமும் சேர, அவர் வாசித்த ‘ஜோதி’ என்ற ஆல்பத்தை ஈ.சி.எம். வெளியிட்டது. வெளிநாட்டவர் நம் கருவியைத் தொட்டாலே புல்லரித்துப்போகும் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாலும், மரியானோவின் ஊதலில் உழைப்பு தெரிகிறது. நாதஸ்வரத்தை அவர் விநோத ஒலியாக ஓரத்தில் வைக்கவில்லை; வரி முழுவதையும் அதில் சொல்லப் பார்த்தார்.

எதிர்த் திசையில் வந்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர் வட்டாரத்தில் 1949இல் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலேயே கர்நாடக இசையை வாசிக்க முனைந்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். அவர் எதிர்கொண்ட சிக்கல் நுட்பமானது. நாதஸ்வரத்தில் விரல் துளையின்மேல் நேரடியாகப் படுகிறது. துளையைப் பாதி மூடலாம், கால் மூடலாம், விரலை வழுக்கிக்கொண்டே போகலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே உலோகச் சாவி நிற்கிறது. சாவி துளையை முழுதாக மூடும் அல்லது முழுதாகத் திறக்கும். ஆகவே கமகத்தின் பெரும் பாரம் உதட்டுக்கும் தாடைக்கும் மூச்சுக்கும் போகிறது. கத்ரி அந்தப் பாரத்தைச் சுமக்கத் தம் வாயைப் பழக்கினார், கருவியிலும் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையில் சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். 2019 அக்டோபரில் மறைந்தார்.

அதே 1994இல் வெளியான கே. பாலசந்தரின் ‘டூயட்’ படம்தான் சாக்ஸபோனையும் மின்னணு இசையையும் தமிழ்நாட்டின் டீக்கடைவரை ஒன்றாகக் கொண்டுசேர்த்தது. சாக்ஸபோன் கலைஞராக வரும் பிரபுவின் வாசிப்பு கத்ரியுடையது, இசை ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்துப் பஞ்சதன் ஸ்டுடியோவின் விசைப்பலகைகளிலும் கணினியிலும் விரித்துவைத்த ஒலிப்பரப்பின்மேல் கல்யாண வசந்தம் போன்ற ராகங்களை ஆல்டோ சாக்ஸபோன் ஊதிச் சென்றது. படத்தின் பாடல்களைவிட இடையிடையே வரும் தனி சாக்ஸபோன் துண்டுகளில்தான் இந்த ஏற்பாட்டின் அழகு கூடுதலாகத் தெரிகிறது. பின்னால் ஒலிப்பது நீண்டு நிற்கும் ஆதாரமாக இருக்கிறது. மேலே ஊதுகிறவருக்குக் காலக்கட்டு இல்லை. அவை ஜாஸ் அல்ல. ஆனால் சர்மனின் ஆஸ்லோ பதிவில் உள்ள அமைப்புக்கு மிகவும் பக்கத்தில் வருபவை.

இந்த இழைகளெல்லாம் சேரும் இடம் ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘சந்தி’ என்ற ஆல்பம். 1971இல் இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் அவர். இளவயதில் அண்ணன் விளையாட்டாக வாங்கித் தந்த கத்ரியின் இசைத்தட்டு ஒன்று அவரைத் தென்னிந்தியப் பக்கம் திருப்பியது. 2007இல் கிடைத்த குகன்ஹைம் நல்கையைக் கொண்டு கர்நாடக இசையை ஆழ்ந்து பயின்றார். 2008இல் கத்ரியோடு சேர்ந்து ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை வெளியிட்டார். ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒரு பக்கம். ரெஸ் அப்பாஸியின் கிதாரும் பேஸும் டிரம்ஸும் மறுபக்கம். அந்த ஆல்பத்தில் மின்னணு வேலை கிடையாது. அது இரண்டு சாக்ஸபோன்களின் ஆல்பம்.

2011இல் ஏ.சி.டி. நிறுவனம் வெளியிட்ட ‘சந்தி’யில் மகந்தப்பா ஆல்டோ சாக்ஸபோனோடு மடிக்கணினியையும் கையில் எடுக்கிறார். டேவிட் கில்மோர் மின்சார கிதார், ரிச் பிரவுன் மின்சார பேஸ், டேமியன் ரீட் டிரம்ஸ், அனந்தா கிருஷ்ணன் மிருதங்கமும் கஞ்சிராவும். ஆகவே இதை முழுமையான தனி ஆல்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘பராக்கிரம்’ என்ற தொடக்க உருப்படி அந்த வடிவத்தின் சிறு மாதிரி. சாக்ஸபோன் தனியாக ஊத, அதன் ஒலியையே கணினி வாங்கி நீட்டிப் பின்னால் பரப்புகிறது. ஊதுகிறவரின் மூச்சே அவருக்கு ஒத்தாகத் திரும்பி வருகிறது. தாளம் தேவைப்படும் இடங்களில் கணினி ஒதுங்கிக்கொள்கிறது. மிருதங்கமும் டிரம்ஸும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சர்மன் டிஜானெட்டைக் கூப்பிட்ட அதே கணக்கு.

ஆனாலும் தென்னிந்திய வரியை மின்னணுக் கருவியோடு சேர்ப்பதில் ஐரோப்பியக் கலைஞருக்கு இல்லாத இடர்கள் உண்டு. முதலாவது சுருதி. விசைப்பலகையில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்தாயி முழுவதையும் 1200 சென்ட் என்று கொண்டால், விசைப்பலகைப் பஞ்சமம் 700 சென்ட். இயல்பாகச் சேரும் பஞ்சமம் 702. இந்த வேறுபாட்டைக் காது பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரத்தில் அப்படி முடியாது. இயல்பான காந்தாரம் 386 சென்ட். விசைப்பலகையில் அது 400. சிந்தசைசர் காந்தாரத்தை உள்ளடக்கிய சுரக்கூட்டை நீட்டிப் பிடித்திருக்க, மேலே சாக்ஸபோன் தன் இயல்பான காந்தாரத்தில் நின்றால் இரண்டும் உரசி அலையடிக்கும். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் இயந்திரத்திடம் விட்டுவைப்பது இதற்கு எளிய வழி. நம் சுருதிப்பெட்டி செய்வதும் அதுதான்.

இரண்டாவது கமகம். மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க 1983இல் நிலைபெற்ற மிடி முறை சுரங்களை எண்களாகக் கொள்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு நிலையான சுரம். ஊதும் ஒலியைக் கேட்டு எண்ணாக மாற்றும் கருவி, தோடியின் அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரத்தை எந்த எண்ணில் அடைப்பது என்று தடுமாறுகிறது. ஒரே அசைவை மூன்று நான்கு தனிச் சுரங்களாக உடைத்துக் கொடுத்துவிடும். சுரத்தை வளைக்கும் வசதி மிடியில் உண்டு என்றாலும், அதைக் கமகத்துக்கு ஏற்ப அமைப்பது எளிதல்ல. ஒலியை எண்ணாக மாற்றாமல் ஒலியாகவே எடுத்துத் தாமதப்படுத்துவதும், அடுக்குவதும், மடக்கி ஒலிக்கவிடுவதும் கமகத்துக்குத் தோதான வழிகள். மூன்றாவது காலப்பிரமாணம். மடங்கி வரும் கோவையின் நீளம் ஒருமுறை முடிவாகிவிட்டால் அது விநாடிக் கணக்கில் உறைந்துபோகிறது. ஆலாபனையில் மூச்சு நீண்டு குறுகும். அந்த இடத்தில் அளந்து அடிக்கும் கோவை தேவையற்ற கடிகாரம்.

இந்தத் தலைமுறையில் பதிவுக் கூடமே மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் ஷங்கர் டக்கர், 2010இல் இந்தியா வந்து ஹரிபிரசாத் சௌராசியாவிடம் பயின்று, ‘ஷ்ருதிபாக்ஸ்’ என்ற பெயரில் இணையக் காணொளிகளை வெளியிட்டார். கிளாரினெட்டையும் மற்றக் கருவிகளையும் தாமே அடுக்கிப் பதிவது அவருடைய வழக்கம். வித்யா, வந்தனா சகோதரிகள் பாடிய ‘நீ நினைந்தால்’ என்ற தமிழ்ப் பாடல் அந்த வரிசையில் வந்ததுதான். கிளாரினெட் தமிழ்நாட்டுக்கு அந்நியமும் அல்ல. சதிராட்டத்துக்கு வாசிக்கும் சின்னமேளத்தில் இருந்த கருவியைக் கச்சேரி மேடையின் நடுவில் அமர்த்திய ஏ.கே.சி. நடராஜனுக்கு மியூசிக் அகாடமி 2008இல் சங்கீத கலாநிதி விருது அளித்தது. சென்னையில் வாழ்ந்து பணியாற்றிய டச்சு சாக்ஸபோன் கலைஞர் மார்டன் விஸ்ஸர், நடனக் கலைஞர் பத்மினி செட்டூரின் படைப்புகளுக்கு ஒலி அமைத்தவர். அவற்றில் மெட்டைவிட ஒலியின் தன்மையும் மௌனமும் முன்னே நிற்கின்றன.

இத்தனைக்கும் நடுவே, இந்த வடிவத்துக்கு மிகவும் பொருந்தும் கருவி நாதஸ்வரம்தான். ஆச்சா மரத்தில் கடைந்த கூம்புக் குழல், நாணலில் செய்த சீவாளி, விரல் நேரே படும் ஏழு துளை, அடியில் பிரம்ம சுரம் எனப்படும் ஐந்து துளை. சாவியின் குறுக்கீடு இல்லாததால் சாக்ஸபோனில் கத்ரி போராடிப் பெற்ற கமகம் இதில் இயல்பாகவே கிடைக்கிறது. நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோவில் வீதியின் திறந்த வெளிக்காக உருவான அதன் முழக்கம் மைக்குக்கு ஒத்துவராது என்ற பேச்சு பழங்கதை. மைக்கைச் சற்றுத் தள்ளிவைத்து, அணசு எனப்படும் அடிப்பகுதியின் வாயை நேரே பாராமல் பக்கவாட்டில் திருப்பினால் சீவாளியின் கரகரப்பும் மூச்சும்கூடப் பதிவாகும்.

அரசு இசைக் கல்லூரிகளும் மாவட்ட இசைப்பள்ளிகளும் நாதஸ்வர மாணவர்களுக்குப் பாடத்தோடு ஒரு சிறு பதிவு அறையையும், நல்ல மைக் ஒன்றையும், ஒலியை மடக்கித் தரும் எளிய கருவி ஒன்றையும் கொடுக்க வேண்டும். ஒத்து ஊத ஆள் கிடைக்காத இன்றைய மாணவர், தம் ஒத்தைத் தாமே பதிந்து, அதன்மேல் தாமே ஆலாபனை செய்து பார்க்கட்டும். தவிலுக்கு மட்டும் ஆளையே கூப்பிடட்டும்.